ஜப்பானிய வேலைமுறை கடல் கடந்த வரலாறு: ஃபிரீமான்ட், குர்கான், மானேசர்

ஓராண்டு இடைவெளியில் இரண்டு கார்கள் இரண்டு நாடுகளில் வெளிவந்தன. 1983 டிசம்பர் 14 அன்று ஹரியானா மாநிலம் குர்கானில் முதல் மாருதி 800. 1984 டிசம்பரில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து ஃபிரீமான்ட் நகரில் செவர்லே நோவா. இவற்றைச் செய்த தொழிலாளர்கள் ஜப்பானியர் அல்லர். ஆனால் இரண்டும் ஜப்பானிய வேலைமுறையில் செய்யப்பட்டவை. குர்கானில் சுசுகி நிறுவனமும் ஃபிரீமான்டில் டொயோட்டா நிறுவனமும் தம் நாட்டு வழக்கத்தை அயல்மண்ணில் நட்டுப் பார்த்தன.

ஒரு நாட்டில் வளர்ந்த மேலாண்மை முறை இன்னொரு நாட்டில் வேர்பிடிக்குமா என்பது வணிகவியல் மாணவர்களுக்குத் தேர்வில் வரும் கேள்வி. பண்பாட்டு வேறுபாடுகள் வேலைமுறையைத் தீர்மானிக்கின்றன என்று பாடநூல்கள் விடை சொல்கின்றன. அந்த விடை பொய்யல்ல, ஆனால் பாதிதான். மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள இந்த இரண்டு ஆலைகளின் வரலாற்றையும், அதற்கு முன்பாக ஜப்பானின் சொந்த வரலாற்றையும் பார்க்க வேண்டும்.

சோம்பேறிகள் என்று பெயர் வாங்கிய நாடு

ஜப்பானியர் என்றாலே உழைப்பு, ஒழுங்கு, நேரந்தவறாமை என்று இன்று நாம் சொல்கிறோம். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் அங்கே சென்ற மேல்நாட்டார் அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்கச் சமய ஊழியர் சிட்னி குலிக் 1903-இல் வெளியிட்ட நூலில், ஜப்பானியர் பலர் சோம்பல் உடையவர்களாகவும் நேரம் கழிவதைப் பற்றிக் கவலையற்றவர்களாகவும் தோன்றுகின்றனர் என்ற கருத்தை எழுதியிருக்கிறார். பல ஆண்டுகள் அந்நாட்டில் வாழ்ந்தவர் அவர். நம் நாட்டைப் பற்றி வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதிவைத்த குறிப்புகளைப் படித்தவர்களுக்கு இந்த நடை பழகியதாகவே இருக்கும்.

பிற்காலத்தில் உலகம் வியந்த டொயோட்டா முறையும் சாமுராய்க் காலத்திலிருந்து வந்ததன்று. அதன் பிறப்புக்கு ஆண்டே குறிக்கலாம். இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஜப்பானியத் தொழிற்சாலைகள் வேலைநிறுத்தங்களால் கொந்தளித்தன. 1949-இல் அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் ஆலோசனைப்படி கொண்டுவரப்பட்ட கடும் சிக்கன நடவடிக்கைகளால் கடன் கிடைக்காமல் போனது. கார் வாங்க ஆளில்லை. டொயோட்டா திவாலாகும் நிலைக்கு வந்தது. வங்கிகள் ஆட்குறைப்பை வலியுறுத்தின. ஆட்குறைப்பு செய்வதில்லை என்று முன்பு வாக்குக் கொடுத்திருந்த நிறுவனத் தலைவர் கீச்சிரோ டொயோடா அந்த வாக்கைக் காப்பாற்ற முடியவில்லை. 1950-இல் நீண்ட வேலைநிறுத்தம் நடந்தது. அதன் முடிவில் ஏறத்தாழ 2,000 பேர் வேலையை விட்டு வெளியேறினர். கீச்சிரோவும் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அவர் விலகிய சில வாரங்களில் கொரியப் போர் மூண்டு, அமெரிக்க இராணுவத்திடமிருந்து லாரிகளுக்கு ஆணைகள் வந்து குவிந்தன. சில வாரங்கள் முன்னதாக வந்திருந்தால் வரலாறு வேறாகியிருக்கலாம். கீச்சிரோ 1952-இல் காலமானார்.

இந்தக் காயத்திலிருந்துதான் பின்னர் ‘ஜப்பானிய முறை’ என்று பெயர் பெற்ற உடன்பாடு வளர்ந்தது. எஞ்சியிருந்த தொழிலாளர்களுக்கு வேலை உறுதி, பணிமூப்புக்கு ஏற்ற ஊதியம். பதிலுக்கு, எந்த வேலையைக் கொடுத்தாலும் செய்வது, வேலையை மேம்படுத்த யோசனை சொல்வது. 1962-இல் டொயோட்டாவின் நிர்வாகமும் தொழிற்சங்கமும் கூட்டறிக்கை ஒன்றில் பரஸ்பர நம்பிக்கையைத் தம் உறவின் அடிப்படையாக அறிவித்தன. நிரந்தரமாக இருக்கப்போகும் ஆளுக்குப் பயிற்சி கொடுத்தால் அது வீண்போகாது. தான் சொல்லும் யோசனையால் தன் வேலையோ பக்கத்தில் நிற்பவன் வேலையோ போகாது என்று தெரிந்தவன்தான் யோசனை சொல்வான். தாய்ச்சி ஓனோ என்ற பொறியாளர் ஆலைக்குள் உருவாக்கிய உற்பத்தி முறை இந்த உறுதிமொழியின் மேல் நின்றது.

அதன் உறுப்புகள் சிலவும் இறக்குமதி. போர்க்காலத்தில் அமெரிக்கா தன் தொழிற்சாலைகளுக்காக உருவாக்கிய மேற்பார்வையாளர் பயிற்சித் திட்டம் ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜப்பானுக்கு வந்தது. அமெரிக்காவில் அதை மறந்துவிட்டார்கள்; ஜப்பானில் வைத்துக்கொண்டார்கள். புள்ளியியல் முறைத் தரக்கட்டுப்பாட்டை 1950-இல் ஜப்பானியப் பொறியாளர்களுக்குக் கற்பித்த எட்வர்ட்ஸ் டெமிங்கும் அமெரிக்கரே. அவர் பெயரால் 1951 முதல் ஜப்பானில் வழங்கப்படும் விருதை 1998-இல் சென்னை பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு பெற்றது. அந்த விருது இந்திய நிறுவனம் ஒன்றுக்குக் கிடைத்தது அதுவே முதல்முறை. அமெரிக்காவில் பிறந்த ஒரு வேலைமுறை ஜப்பான் வழியாகப் பாடிக்கு வந்துசேர அரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

இந்த உடன்பாட்டுக்கு வெளியே நின்றவர்களும் உண்டு. வேலை உறுதி பெரிய நிறுவனங்களின் நிரந்தர ஆண் ஊழியர்களுக்கே. உதிரிபாகம் செய்துகொடுத்த சிறு பட்டறைகளுக்கும் பருவகாலத் தொழிலாளர்களுக்கும் அது இல்லை. 1972-இல் பத்திரிகையாளர் சதோஷி கமட்டா டொயோட்டாவில் பருவகாலத் தொழிலாளியாகச் சேர்ந்து, தாம் பட்ட பாட்டைப் பின்னர் நூலாக எழுதினார். மானேசர் பகுதிக்கு வரும்போது இவரை வாசகர்கள் நினைவில் கொள்வது நல்லது.

எண்களில் பண்பாடு

பண்பாட்டு வேறுபாட்டை எண்களால் அளந்து காட்டியவர் நெதர்லாந்து ஆய்வாளர் கீர்ட் ஹாஃப்ஸ்டெட். ஐபிஎம் நிறுவனத்தின் பல நாட்டுக் கிளைகளில் 1967 முதல் 1973 வரை பணியாளர்களிடம் திரட்டிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வினாத்தாள்களை ஆராய்ந்து 1980-இல் நூல் வெளியிட்டார். மேலதிகாரிக்கும் கீழுள்ளவருக்கும் இடையிலான அதிகார இடைவெளியை மக்கள் எவ்வளவு இயல்பாக ஏற்கிறார்கள் என்பதற்கு அவர் கொடுத்த மதிப்பு: இந்தியா 77, ஜப்பான் 54, அமெரிக்கா 40. தனிமனித நோக்கில் அமெரிக்கா 91, இந்தியா 48, ஜப்பான் 46. ஒரே நிறுவனத்தின் பணியாளர்களைக் கொண்டு ஒரு தேசத்தையே அளக்கலாமா என்று பிரெண்டன் மெக்ஸ்வீனி 2002-இல் கடுமையாகக் கேள்வி எழுப்பினார். ஆயினும் இந்த எண்கள் இன்றும் உலகெங்கும் வகுப்பறைகளில் கற்பிக்கப்படுகின்றன.

இந்த எண்களை மட்டும் நம்பிய ஒருவர் 1984-இல் என்ன சொல்லியிருப்பார்? உலகிலேயே தனிமனித நோக்கு மிகுந்த நாட்டின் தொழிலாளர்களிடம் குழுவாக வேலைசெய்யும் முறை எடுபடாது என்று சொல்லியிருப்பார். அப்போது அமெரிக்காவில் பலரும் அப்படித்தான் சொன்னார்கள்.

ஃபிரீமான்ட்: அதே தொழிலாளர்கள்

ஃபிரீமான்ட் ஆலை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தமானது. 1960களின் தொடக்கத்தில் திறக்கப்பட்ட இந்த ஆலை, அந்நிறுவனத்தின் ஆலைகளிலேயே மிக மோசமானவற்றுள் ஒன்று என்று பெயரெடுத்தது. எந்த நாளிலும் தொழிலாளர்களில் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வருவதில்லை. முன்னறிவிப்பில்லாத வேலைநிறுத்தங்கள் நடந்தன. தீர்க்கப்படாத புகார் மனுக்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. வேலை நேரத்தில் மது அருந்தியதை அங்கே பணியாற்றியவர்களே பின்னாளில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்கள். 1982-இல் ஆலை மூடப்பட்டது.

இரண்டே ஆண்டுகளில், 1984-இல், ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் சேர்ந்து ‘நியூமி’ என்ற கூட்டு நிறுவனத்தை அதே இடத்தில் தொடங்கின. இரு தரப்புக்கும் தேவை இருந்தது. ஜப்பானிய கார் இறக்குமதிக்கு 1981 முதல் வரம்பு கட்டப்பட்டிருந்ததால், அமெரிக்க மண்ணில் அமெரிக்கத் தொழிலாளர்களைக் கொண்டு கார் செய்ய முடியுமா என்று டொயோட்டா அறிய விரும்பியது. இலாபத்தில் சிறிய கார் செய்வது எப்படி என்று ஜெனரல் மோட்டார்ஸ் கற்க விரும்பியது. ஆலையை நடத்தும் பொறுப்பு டொயோட்டாவிடம் வந்தது. முதல் தலைவராக வந்தவர் தத்சுரோ டொயோடா. 1950-இல் தொழிலாளர்களுக்குக் கொடுத்த வாக்கைக் காக்க முடியாமல் பதவி விலகிய கீச்சிரோவின் இளைய மகன் இவர்.

பழைய தொழிற்சங்கத்தையே ஏற்றுக்கொள்வதற்கு முதலில் டொயோட்டாவுக்கு மனமில்லை. பேச்சுவார்த்தைக்குப் பின் ஏற்றது. புதிதாக எடுக்கப்பட்ட தொழிலாளர்களில் ஏறக்குறைய 85 விழுக்காட்டினர் பழைய ஆலையில் இருந்தவர்களே. அதே ஆட்கள், அதே சங்கம், பெரும்பாலும் அதே கட்டடம்.

மாறியது ஏற்பாடு. பழைய ஆலையில் உற்பத்தி வேலைகள் எண்பதுக்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன. ஒரு வகைக்காரர் இன்னொரு வகைக்காரரின் வேலையைத் தொடக் கூடாது. புதிய ஆலையில் உற்பத்தித் தொழிலாளிக்கு ஒரே வகைதான். நான்கைந்து பேர் கொண்ட குழு, அதற்கொரு தலைவர். குழுவினர் ஒருவர் வேலையை ஒருவர் மாறிமாறிச் செய்தனர். அதிகாரிகளுக்கென்று தனி உணவறையோ தனி வண்டி நிறுத்துமிடமோ இல்லை. சில நூறு பேர் ஜப்பானில் டொயோட்டாவின் தாகாவோகா ஆலைக்கு அனுப்பப்பட்டு, அங்கே ஜப்பானியத் தொழிலாளர்களுடன் தோளோடு தோள் நின்று வேலை கற்றுவந்தனர்.

எல்லாவற்றையும்விட அவர்களை வியக்கவைத்தது ‘ஆண்டன்’ கயிறு. உற்பத்தி வரிசையின் நெடுகத் தலைக்குமேல் ஒரு கயிறு ஓடும். ஒரு திருகாணி சரியாக இறங்கவில்லை, ஒரு பாகம் பொருந்தவில்லை என்றால் தொழிலாளி அதை இழுக்கலாம். விளக்கு எரியும், இசை ஒலிக்கும், குழுத் தலைவர் ஓடிவருவார். குறித்த நேரத்துக்குள் சரியாகவில்லை என்றால் வரிசை நின்றுவிடும். பழைய ஆலையில் வரிசையை நிறுத்துவது மன்னிக்க முடியாத குற்றம். பாதி பொருத்திய கார் போனாலும் போகட்டும், கடைசியில் சரிசெய்துகொள்ளலாம் என்பதே நடைமுறை. வரிசை ஒரு நிமிடம் நின்றால் ஆகும் செலவு ஆயிரக்கணக்கான டாலர். அவ்வளவு பெரிய செலவைச் செய்யும் அதிகாரத்தை, முன்பு குடித்துவிட்டு வந்ததற்காக எச்சரிக்கப்பட்ட ஒருவர் கையில் கொடுத்தது டொயோட்டா.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் இந்தக் கயிற்றின் அருமை எனக்கு நன்றாகவே தெரியும். “புரிந்ததா?” என்று கேட்டால் “புரிந்தது சார்” என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். புரியவில்லை என்று கைதூக்கும் பிள்ளையை முதல்நாள் நாம் எப்படி நடத்தினோம் என்பதைப் பொறுத்தே இரண்டாம் நாள் இன்னொரு கை எழும். இழுப்பவனைத் திட்டுகிற ஆலையில் கயிற்றைக் கட்டிவைத்து என்ன பயன்?

வேலைக்கு வராதோர் விகிதம் 20 விழுக்காட்டிலிருந்து இரண்டு மூன்று விழுக்காடாகக் குறைந்தது. காரின் தரம் ஜப்பானில் தாகாவோகாவில் செய்த காருக்கு ஏறத்தாழச் சமமாக வந்தது. ஆனால் உண்மையான சோதனை அதன்பின்தான் வந்தது. செவர்லே நோவா எதிர்பார்த்தபடி விற்கவில்லை. 1988 வாக்கில் ஆலையின் திறனில் பெரும்பகுதி வேலையின்றிக் கிடந்தது. வழக்கமான அமெரிக்க ஆலையாக இருந்தால் அடுத்த வெள்ளிக்கிழமையே நூற்றுக்கணக்கானோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருப்பர். நியூமியின் ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருந்தது: நிறுவனமே நிலைக்காது என்ற நெருக்கடி வந்தாலன்றி ஆட்குறைப்பு இல்லை, அதற்கு முன்பும் அதிகாரிகளின் சம்பளக் குறைப்பு போன்ற வழிகளை முயல வேண்டும். நிறுவனம் ஒருவரையும் அனுப்பவில்லை. வேலையில்லாத ஆட்களைப் பயிற்சி வகுப்புகளில் உட்காரவைத்துச் சம்பளம் கொடுத்தது. என் கணிப்பில் அந்த ஆலை உண்மையாகவே ஜப்பானிய முறைக்கு மாறியது காலை உடற்பயிற்சியாலோ குழுக்கூட்டத்தாலோ அல்ல, இந்த ஆண்டிலேதான்.

குறை சொன்னவர்களும் இருந்தனர். ஓய்வே இல்லாதபடி ஒவ்வொரு நொடியையும் வேலையால் நிரப்பும் இம்முறைக்கு மைக் பார்க்கர், ஜேன் ஸ்லாட்டர் ஆகிய இருவரும் ‘நெருக்கடியால் நடத்தும் நிர்வாகம்’ என்ற பொருளில் பெயர் சூட்டினர். ஆலைக்குள்ளேயே சங்கத்தில் எதிர் அணி ஒன்று இயங்கியது. பழைய ஆலைக்கே திரும்பிப் போகலாமா என்று கேட்டால் மட்டும் தயங்கினர்.

ஜெனரல் மோட்டார்ஸ் கற்றுக்கொண்டதா? இதே கலிபோர்னியாவில் வான் நைஸ் என்ற இடத்திலிருந்த தன் ஆலையில் குழுமுறையைக் கொண்டுவர முயன்றது. மொழியும் நாடும் நிறுவனமும் சங்கமும் ஒன்றாக இருந்தும் அங்கே அது பிடிக்கவில்லை. பணிவகைகளைக் கைவிட்டால் வேலை போகும் என்று தொழிலாளர் அஞ்சினர். கயிற்றைத் தொழிலாளி கையில் கொடுக்க மேற்பார்வையாளர்களுக்கு மனம் வரவில்லை. 1992-இல் அந்த ஆலை மூடப்பட்டது. டோக்கியோவுக்கும் ஃபிரீமான்டுக்கும் இடையே இருந்த பண்பாட்டுத் தூரம் கடக்கக்கூடியதாக இருந்தது. ஒரே மாநிலத்துக்குள் இரண்டு ஆலைகளுக்கு நடுவே இருந்த தூரம் கடக்க முடியாததாக இருந்தது.

2009-இல் திவாலான ஜெனரல் மோட்டார்ஸ் நியூமியிலிருந்து விலகியது. 2010 ஏப்ரலில் டொயோட்டாவும் ஆலையை மூடியது. அதே ஆண்டில் டெஸ்லா நிறுவனம் அந்த இடத்தை வாங்கியது.

குர்கான்: ஒரே உணவகம்

மாருதியின் கதை அரசியலில் தொடங்கியது. சஞ்சய் காந்தி 1971-இல் தொடங்கிய நிறுவனம் தோல்வியடைந்தது. 1980-இல் அவர் இறந்தபின் அரசு அதைத் தேசியமயமாக்கி, 1981-இல் மாருதி உத்யோக் என்ற பொதுத்துறை நிறுவனத்தை அமைத்தது. 1982 அக்டோபரில் சுசுகியுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. நிறுவனத்தின் தொடக்க ஆண்டுகளில் தலைமையேற்றவர் வி. கிருஷ்ணமூர்த்தி. தஞ்சாவூர் மாவட்டம் கருவேலி கிராமத்தில் 1925-இல் பிறந்தவர். அதற்கு முன் பெல் நிறுவனத்தின் தலைவராக இருந்து பெயரெடுத்தவர். ஆர்.சி. பார்கவா அவருடன் இணைந்து பணியாற்றிப் பின்னர் பொறுப்பேற்றார்.

1980களின் இந்திய அரசு அலுவலகத்தை நினைத்துப் பாருங்கள். அதிகாரியின் அறைக்கு அரைக்கதவு, வாசலில் முக்காலியில் ஒரு கடைநிலை ஊழியர், மேசையில் அழைப்பு மணி. அதிகாரியின் தகுதியை அவர் அறையின் அளவும் நாற்காலியின் உயரமும் சொல்லும். ஹாஃப்ஸ்டெட்டின் 77 என்ற எண் வேறு எதையும் குறிக்கவில்லை. மாருதியில் தனி அறைகள் இல்லை. திறந்த கூடத்தில் வரிசையாக மேசைகள். நிர்வாக இயக்குநர் முதல் தொழிலாளி வரை ஒரே சீருடை. எல்லோருக்கும் ஒரே உணவகம், ஒரே வரிசை, ஒரே சாப்பாடு. வேலை தொடங்குமுன் உடற்பயிற்சி. தொழிலாளர்களும் பொறியாளர்களும் குழுகுழுவாக ஜப்பானிலுள்ள சுசுகி ஆலைகளுக்குச் சென்று பயிற்சி பெற்றனர்.

சீருடை அணிவதற்கும் தட்டேந்தி வரிசையில் நிற்பதற்கும் அதிகாரிகளே முதலில் தயங்கினர். மேலே இருப்பவர்கள் தாமே வரிசையில் நின்று காட்டியபின் வழக்கம் நிலைத்தது. ஜப்பானியருக்கு இது சிக்கனம், வசதி. இந்தியாவில் யாருடன் யார் உட்கார்ந்து சாப்பிடுவது என்பது அவ்வளவு எளிய செய்தியன்று. 1920களில் சேரன்மாதேவி குருகுலத்தில் மாணவர்களுக்குத் தனிப்பந்தி போட்ட விவகாரம் தமிழக அரசியலையே திருப்பியது என்பதை நம் மாணவர்கள் வரலாற்றுப் பாடத்தில் படிக்கிறார்கள். அந்த நாட்டில் ஒரு தொழிற்சாலை, எந்தப் பிரகடனமும் இல்லாமல், அதிகாரியையும் தொழிலாளியையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தது. ஜப்பானிய நிர்வாகம் இந்தியாவில் செய்த மிகப் பெரிய காரியம் இதுவே என்று நினைக்கிறேன். செய்தவர்களுக்கே அதன் முழுப் பொருளும் தெரிந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

முடிவெடுக்கும் முறையிலும் உரசல்கள் இருந்திருக்கும் என்பதை இரு நாட்டு வழக்கங்களையும் ஒப்பிட்டாலே ஊகிக்கலாம். ஜப்பானியர் கூட்டத்தில் முடிவெடுப்பதில்லை. கூட்டத்துக்கு முன்பே சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரையும் தனித்தனியே கண்டு பேசி இசைவு பெறுகிறார்கள். இதற்கு ‘நெமவாஷி’ என்று பெயர். வளர்ந்த மரத்தை வேறிடத்தில் நடுமுன், வேரைச் சுற்றி மண்ணை மெல்ல அகழ்ந்து மரத்தைப் பக்குவப்படுத்தும் தோட்டக்காரர் வேலையிலிருந்து வந்த சொல் இது. அறிக்கை கொடு, தகவல் சொல், கலந்து பேசு என்ற மூன்று கடமைகளின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘ஹோரென்ஸோ’ என்று வரும். அந்த ஒலிக்கு ஜப்பானிய மொழியில் பசலைக்கீரை என்று பொருள். புதிதாகச் சேரும் ஊழியருக்கு அங்கே இந்தக் கீரையைத்தான் முதலில் ஊட்டுகிறார்கள். பெரியவர் சொன்னால் முடிந்தது என்று பழகிய நமக்கு இது காலதாமதமாகத் தோன்றும். பெரியவர் மாறினால் முடிவும் மாறும் என்ற நம் வழக்கம் அவர்களுக்கு விளங்காது.

1980களில் மாருதி இந்தியத் தொழில்துறையின் காட்சிப்பொருளாக இருந்தது. கார் வாங்கப் பணம் கட்டிவிட்டு மக்கள் காத்திருந்தனர். உற்பத்திக்கேற்ற ஊக்கத்தொகை தொழிலாளர்களுக்குக் கிடைத்தது. விற்பனை பெருகும் காலத்தில் எல்லா முறையும் நல்ல முறைதான். 1990களில் போட்டி நிறுவனங்கள் வந்தன. ஊக்கத்தொகைத் திட்டத்தை ஒட்டி 2000-இல் தகராறு வெடித்தது. ‘நன்னடத்தை உறுதிமொழி’யில் கையெழுத்திட்டால்தான் உள்ளே வரலாம் என்று நிர்வாகம் சொன்னது. அது 2001 ஜனவரி வரை நீடித்தது. பின்னர் விருப்ப ஓய்வுத் திட்டங்கள் மூலம் நிரந்தரத் தொழிலாளர் எண்ணிக்கை குறைக்கப்பட்டது. 2002-இல் நிறுவனத்தின் கட்டுப்பாடு சுசுகிக்குப் போனது; 2007-இல் அரசு முழுவதுமாக வெளியேறியது. ஃபிரீமான்டில் 1988-இல் வந்த சோதனை குர்கானுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வந்தது. எடுத்த முடிவு வேறு.

மானேசர்: ஏழரை நிமிடம்

குர்கானுக்கு அருகே மானேசரில் மாருதியின் புதிய ஆலை 2006-07 வாக்கில் இயங்கத் தொடங்கியது. அங்கேயும் சீருடை ஒன்றே, உணவகம் ஒன்றே. ஆனால் வரிசையில் நின்ற இளைஞர்களில் பெரும்பகுதியினர் ஒப்பந்தத் தொழிலாளர்கள், பயிற்சித் தொழிலாளர்கள். ஐடிஐ படித்துவிட்டு கிராமங்களிலிருந்து வந்தவர்கள். பக்கத்தில் நின்று அதே வேலையைச் செய்த நிரந்தரத் தொழிலாளி வாங்கியதைவிட மிகக் குறைந்த ஊதியம். அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாத நிலை. தேநீர் இடைவேளை ஏழரை நிமிடம். அதற்குள் கழிவறைக்கும் போய்விட்டு, தேநீரும் குடித்துவிட்டு, வரிசைக்குத் திரும்ப வேண்டும். 1918-இல் சென்னை பெரம்பூர் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் சொன்ன முதல் குறைகளில் ஒன்று, மதிய உணவுக்குக் கொடுக்கும் நேரம் போதவில்லை என்பதே. இந்தியாவின் முறைப்படியான முதல் தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிற்சங்கம் அதிலிருந்துதான் பிறந்தது. சங்கங்கள் கொள்கையிலிருந்து பிறப்பதாக நூல்களில் எழுதுகிறோம். பெரும்பாலும் சாப்பாட்டு நேரத்திலிருந்து பிறக்கின்றன.

மானேசர் தொழிலாளர்கள் தங்களுக்கென்று தனிச் சங்கம் வேண்டும் என்று 2011 ஜூன் மாதம் 13 நாள் ஆலைக்குள்ளேயே அமர்ந்து வேலைநிறுத்தம் செய்தனர். ஆகஸ்டு இறுதியில் மீண்டும் நன்னடத்தை உறுதிமொழி கேட்கப்பட்டது. ஆலை ஒரு மாதத்துக்கும் மேல் முடங்கியது. நிரந்தரத் தொழிலாளரும் ஒப்பந்தத் தொழிலாளரும் சேர்ந்து நின்றது இந்தப் போராட்டங்களின் தனித்தன்மை. ‘குழு’ என்று நிர்வாகம் கற்றுக்கொடுத்ததை அவர்கள் வேறு விதமாகப் புரிந்துகொண்டனர் என்றே சொல்ல வேண்டும்.

2012 ஜூலை 18 அன்று காலை, மேற்பார்வையாளர் ஒருவருக்கும் தொழிலாளி ஒருவருக்கும் தகராறு ஏற்பட்டது. மேற்பார்வையாளர் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினார் என்பது தொழிலாளர் தரப்பு. தொழிலாளிதான் அடித்தார் என்பது நிர்வாகத் தரப்பு. தொழிலாளி இடைநீக்கம் செய்யப்பட்டார். மாலையில் வன்முறை வெடித்தது. அதிகாரிகள் பலர் தாக்கப்பட்டனர். கட்டடத்துக்குத் தீ வைக்கப்பட்டது. மனிதவளப் பிரிவின் பொது மேலாளர் அவனீஷ் குமார் தேவ் அதில் உயிரிழந்தார். தொழிலாளர்களிடம் பரிவுடன் நடந்துகொண்டவர் என்று தொழிலாளர் தரப்பினரே பின்னர் சொன்னார்கள். எத்தனை நியாயமான குறைகள் இருந்தாலும் அந்தச் சாவை அவற்றால் ஈடுகட்ட முடியாது.

ஒரே உணவகத்தில் முப்பதாண்டு சாப்பிட்ட நிறுவனத்தில், ஒரு காலைத் தகராறு சாதியின் பெயரோடு ஊருக்கு வெளியே வந்தது. அந்தச் சொல் உண்மையிலேயே சொல்லப்பட்டதா என்பது தீராத சர்ச்சை. ஆனால் சொல்லப்பட்டிருக்கும் என்று ஆயிரக்கணக்கானோர் உடனே நம்பினர்.

ஜப்பானியரின் கண்டிப்பு இந்தியருக்கு ஒத்துவரவில்லை என்று அப்போது பத்திரிகைகள் சில எழுதின. பண்பாட்டு மோதல் என்று பெயர் சூட்டுவது எல்லோருக்கும் வசதி. யாரும் எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் 1983-இல் குர்கானில் இருந்ததும் அதே கண்டிப்புதான். 1972-இல் சதோஷி கமட்டா ஜப்பானிலேயே, ஜப்பானியராகவே, பட்ட பாடும் மானேசர் இளைஞர்கள் சொன்னதும் ஏறக்குறைய ஒன்று. பருவகாலத் தொழிலாளிக்கு எந்த நாட்டிலும் கயிறு கையில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் இழுக்கத் துணியமாட்டான்.

ஆலை ஒரு மாதம் மூடப்பட்டு ஆகஸ்டில் திறந்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட நிரந்தரத் தொழிலாளர்கள் பணிநீக்கம் செய்யப்பட்டனர். உற்பத்தி வேலைக்கு ஒப்பந்ததாரர் மூலம் ஆளெடுப்பதைக் கைவிடுவதாக நிறுவனம் அறிவித்தது. அதற்குப் பதிலாகக் குறுகிய காலத்துக்குத் தானே நேரடியாக ஆளெடுக்கும் முறை வந்தது. 148 பேர் மீது நடந்த வழக்கில் 2017 மார்ச்சில் குர்கான் நீதிமன்றம் 117 பேரை விடுவித்தது. 31 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அவர்களில் 13 பேருக்கு ஆயுள் தண்டனை. விடுவிக்கப்பட்டவர்களில் பலர் அதற்குள் இரண்டாண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்திருந்தனர்.